ஒன்பதாவது பாட்டு

பெட்ரோல் இல்லாமல் ஹட்டன் ரோட்டில் வாகனங்கள் வரிசையாகக் கிடந்து, ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடிய வருஷம் அது. எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் தங்க வந்த பிரான்ஸ்காரர் ஒருவரின் வேனும் எண்ணெய் இல்லாமல் ஆறு நாள் நின்றுவிட்டது. அந்த ஆறு நாளில்தான் சவரிமுத்துவுக்கும் எனக்கும் அந்த இசை கிடைத்தது. சவரி இப்போது இல்லை. போன மாதம் பனி விலகாத ஒரு காலையில் அவன் மனைவி ரோசம்மா என் வாசலில் வந்து நின்று, "ராமையாண்ணே, அவரு எந்திரிக்கல" என்றாள். சேதி அவ்வளவுதான்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மாதா கோயில் உபதேசியார் எழுதுகிறார். அடக்கத்தன்று என்னைத் திட்டியவரும் இவர்தான். அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் முப்பது வருஷம் நின்றவர்கள். வேலையிலிருந்து நின்ற பிறகு அவன் பங்களாவில் பூந்தோட்டம் பார்த்தான். பிரான்ஸ்காரர் சாயங்காலங்களில் கையளவு பெட்டி ஒன்றில் பாட்டு வைப்பார். சவரி என்னையும் கூப்பிட்டான். கம்பியைக் கிள்ளுகிற வாத்தியம் ஒன்று, காலிடுக்கில் நிறுத்தி வில்லால் இழுக்கிற வாத்தியம் ஒன்று. சுரங்கள் ஒவ்வொன்றும் நடுங்கி நடுங்கி வந்தன.

"குளிருல நிக்கிறாண்டா. நம்மள மாதிரி கம்பளி இல்லாதவன்" என்றான் சவரி.

முந்நூறு வருஷத்துக்கு முன் பிரான்ஸ் ராஜா அரண்மனையில் வாசித்த இசை அது என்று வேன் டிரைவர் விளக்கினார்.

"அரமனையிலயும் குளிரத்தானே செய்யும்" என்றான்.

ஒன்பதாவதாக வந்த பாட்டு, செத்துப்போன தன் சிநேகிதனுக்காக ஒருவன் வாசித்ததாம். அது முடிந்தும் சவரி எழுந்திருக்கவில்லை. "நம்ம ஒப்பாரிக்கு ஆயிரம் வார்த்த வேணும். இவன் ஒண்ணுமில்லாமலே அழுவுறான் பாரு" என்றான். போகும்போது பிரான்ஸ்காரர் அந்தப் பெட்டியை அவனிடமே கொடுத்துவிட்டார்.

அதன்பின் தினமும் கேட்டோம். எங்களுக்குப் பாட்டின் பெயர் தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும். பெட்டியைப் போட்டால் முதல் பாட்டு வரும்; பிறகு பட்டனை அமுக்கி எண்ணிக்கொண்டே போக வேண்டும். நாலாவது, மத்தளத்தோடு துள்ளுகிற ஆட்டப்பாட்டு. எனக்குப் பிடித்தது அது. "தப்புச் சத்தம் கேட்டா ஒனக்குக் காலு நிக்காதே" என்று சீண்டுவான். "ரெண்டு கெழவனும் நரி ஊளை கேக்க ஒக்காந்தாச்சா?" என்பாள், அடுப்படியிலிருந்து தினமும் அதைக் கேட்டுக்கொண்டிருந்த ரோசம்மா.

ஒருநாள் சொன்னான்: "நான் முந்துனா எனக்கு ஒம்பதாவதப் போடு. நீ முந்துனா நான் போடுறேன்." சரியென்று கையடித்துக் கொடுத்தேன்.

குழியருகே சத்தத்தை அடக்கிவைத்துப் பெட்டியைப் போட்டு விரல்விட்டு எண்ணினேன். ஒன்பதுக்கு வந்து சத்தத்தைக் கூட்டினால், மத்தளம் துள்ளுகிறது. அந்த நாலாவது. இழவு வீட்டில் வைக்க அவன் மகன் ஐந்து ஜெபப்பாட்டுகளை முன்னால் ஏற்றியிருந்தது எனக்குத் தெரியாது. நான் திரும்பத் திரும்ப அமுக்கினேன். பதற்றத்தில் பக்கத்துப் பட்டனை அமுக்கியிருக்கிறேன், அதே பாட்டுத்தான் மறுபடி மறுபடி தொடங்கியது.

"பெரியவரே, இது என்னா கல்யாண வீடா? அணைங்க!" என்று உபதேசியார் பெட்டியைப் பறித்தார். அதற்குள் மண் விழ ஆரம்பித்துவிட்டது. என் சிநேகிதனை ஆட்டப்பாட்டோடு அனுப்பிவைத்தேன். அதைத் திருத்த இனி வழியில்லை.

பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. "எனக்கு வேணாம்ண்ணே, கேட்டா நெஞ்ச அடைக்கிது" என்று ரோசம்மாதான் கொடுத்தாள். பொறுமையாக எண்ணிப் பார்த்தேன். ஒன்பது இப்போது பதினாலாகியிருக்கிறது. அவனிடமிருந்து நான் வைத்திருப்பது இந்தப் பெட்டியும் அந்த எண்ணும்தான். எனக்குப் பதினாலாவதைப் போட வேண்டியவன் முந்திவிட்டான். அந்தப் பாட்டு எதுவென்று கேட்டதும் சொல்ல, என்னைத் தவிர உயிரோடு இருப்பது ஒரே ஆள்: பெட்டியைத் தொடமாட்டேன் என்கிற ரோசம்மா.