தூக்கிப் போட்ட முதல் வரி

அந்த ஆளை நான் ஒரு தடவைகூட அண்ணே என்று கூப்பிட்டதில்லை. ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்த எங்கள் ஆபீஸில், முதலாளியிலிருந்து டீ கொண்டுவருபவர் வரை அத்தனை பேருக்கும் அவர் அண்ணன். எனக்கு மட்டும் சார். அதுவும் பேங்க்கிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்வோமே, அந்த சார்.

காரணம் இல்லாமல் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று என் பெயரைக் கேட்டார், முக்காட்டைப் பார்த்தார், "பாய் வீட்டுப் பொண்ணா? அப்ப வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பிரியாணி வந்துரும்" என்று சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். தமாஷாம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க வீட்ல வெள்ளிக்கிழமை சாம்பார் சார்" என்றேன். அன்றைக்கு ஆரம்பித்த சார் அது.

சுற்று ஊர்களில் கேபிள் டிவி நடத்தியவர்கள் எல்லாம் இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்திருந்த நேரம். அவர்களுக்கு நாங்கள் ஒரு சர்வர் மென்பொருள் செய்து கொடுத்தோம். இணைப்புக் கேட்டு வருபவரின் பெயரும் பாஸ்வேர்டும் சரிதானா, அவருக்கு எவ்வளவு வேகம் விடலாம் என்று பார்த்து உள்ளே விடுவது அதன் வேலை. அதற்கான அமைப்புகள், அதாவது செட்டிங்குகள், எல்லாம் ஒரே ஃபைலில், வரிக்கு ஒன்றாகக் கிடக்கும். அந்த ஃபைலைப் படிக்கிற புரோகிராம் கோடு சார் எழுதியது. எழுதினார் என்பதா, வாரி இறைத்தார் என்பதா? சர்வரில் எங்கே கையை வைத்தாலும் ஃபைலைத் திறந்து படிக்கும் நாலு வரி தட்டுப்படும், சோற்றில் கல் மாதிரி.

சோழவந்தானிலிருந்து ஒரு ஆபரேட்டர் வந்தார். வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டுப் பிள்ளை, மூன்று கிளை வைத்து நடத்துகிறார். "மூணு கிளைக்காரய்ங்களும் ஒரே ஃபைல்ல கைய வைக்கிறாய்ங்க. ஒருத்தன் எழுதுனத இன்னொருத்தன் அழிச்சுப்புடுறான். எல்லாத்தையும் டேட்டாபேஸ்ல போட்டுக் குடுங்க" என்றார். முதலாளி அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

இன்றைக்கு இவர் டேட்டாபேஸ் கேட்கிறார். நாளைக்கு இன்னொருத்தர், எல்லாம் தலைமை ஆபீஸிலிருந்து வர வேண்டும் என்பார். ஒவ்வொருவருக்கும் சர்வரைப் பிரித்து மேய முடியுமா? அதனால் அமைப்பு எங்கே இருக்கிறது என்பதே சர்வருக்குத் தெரியக்கூடாது என்று முடிவு செய்தேன். சர்வர் மூன்றே கேள்விதான் கேட்கும். இந்த அமைப்பின் மதிப்பு என்ன? எல்லா அமைப்பையும் வரிசையாகக் கொடு. ஏதாவது மாறியிருக்கிறதா? நடுவில் நான் எழுதிய பொதுப்பகுதி அதை வாங்கி, பின்னால் இருக்கிற பேக்கெண்டிடம் கேட்கும். பின்னால் ஃபைல் இருக்கலாம், டேட்டாபேஸ் இருக்கலாம், வேண்டும்போது கழற்றி மாட்டிக்கொள்ளலாம். டீ குடிக்கிறவனுக்குப் பால் எந்த மாட்டுடையது என்று தெரிய வேண்டியதில்லையே.

வெள்ளைப் பலகையில் இதை வரைந்து காட்டியபோது சார் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு, "ஓடுற வண்டிக்கு எதுக்கும்மா நாலு இஞ்சின்?" என்றார். மறுபடியும் சிரிப்பு.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "சோழவந்தான்ல ஓடுச்சுன்னா எல்லா ஊருக்கும் இதையே வச்சுக்கிறலாம். நீயே பாத்துக்க. ஓடலைன்னா பழைய ஃபைலே போதும். நீ அண்ணனுக்குக் கீழ டெஸ்டிங் பாரு" என்றார். அந்த ஆளுக்குக் கீழ் டெஸ்டிங் பார்ப்பதைவிட என்னைப் பெற்ற அத்தாவின் பூட்டுக்கடையில் சாவி தேய்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

ஆறு மாதம். அவர் இறைத்து வைத்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அதில் ஒன்று புரியவே இல்லை. ஃபைலைப் படித்ததும் அதன் முதல் வரியைப் பார்க்காமலே தூக்கிப் போடுகிறது கோடில் ஒரு வரி. ஏன் என்று ஒரு குறிப்பும் இல்லை. அவருடைய மேஜைக்குப் போய்க் கேட்டேன்.

"சார், இந்த மொத வரிய எதுக்குத் தூக்கிப் போடுறீங்க?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது இருக்கணும். அம்புட்டுத்தான்."

இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். யார் கேட்பது? ஆபரேட்டர்களின் உண்மையான ஃபைல்களைக் காட்டுங்கள் என்றதற்கும், பாஸ்வேர்டு எல்லாம் இருக்கு, தர முடியாது என்று ஏற்கனவே சொல்லியிருந்தார். இருக்கணும் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், நாசமாய்ப் போக, என்று அந்த வரியை அப்படியே எடுத்துப் பொதுப்பகுதியில் வைத்தேன். யாரிடமிருந்து வந்தாலும் முதலாவதைத் தூக்கிப் போடு. நான் கையால் அடித்த சோதனை ஃபைலிலும், டேட்டாபேஸில் போட்ட சோதனை டேபிளிலும் எல்லாம் அருமையாக ஓடியது. எங்கள் வழக்கப்படி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஓகே போட்டால்தான் அது வெளியே போகும். என்னுடையதைப் படிக்க வேண்டியவர் சார்தான். ஒரு பழுதும் சொல்லாமல் ஓகே போட்டார். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சோழவந்தானுக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம், தனித்தனி சீட்டில். ஆபரேட்டர் காப்பி வாங்கி வைத்திருந்தார். அவருடைய ஃபைலைத் திறந்தால் முதல் வரியில் பிள்ளையார் சுழி.

"நாங்க எத எழுதுனாலும் அது இல்லாம ஆரம்பிக்க மாட்டோம்மா. நீங்க ஆரம்பிச்சுக் குடுத்த ஃபைல்தானே, அண்ணன்தான் போட்டுக் குடுத்தாரு" என்றார்.

டேட்டாபேஸுக்கு எதற்குப் பிள்ளையார் சுழி என்று நான் மனசுக்குள் ஒரு சிரிப்புச் சிரித்தேன். அதை விட்டுவிட்டு, மற்ற வரிகளை எல்லாம் அப்படியே டேபிளில் ஏற்றினேன். காலை பதினொரு மணிக்கு ஃபைலைக் கழற்றி டேட்டாபேஸை மாட்டினேன். சர்வர் எழுந்தது. ஒருவரையும் உள்ளே விடவில்லை.

கடையிலிருந்த மூன்று போனும் ஒரே நேரத்தில் அடித்தன. "ஏ மாப்ள, இருய்யா, இந்தா வந்துரும்... அண்ணே, அஞ்சு நிமிசம்ணே..." ஆபரேட்டரின் குரல் இறங்கிக்கொண்டே போனது. சர்வர் நடந்ததை எழுதி வைக்கும் லாக்கைப் படித்தேன், மறுபடி படித்தேன். சர்வரும், வீடுகளின் இணைப்பெல்லாம் வந்து சேரும் மெயின் கருவியும் ஒன்றையொன்று அடையாளம் காணும் ரகசியச் சொல்லைக் காணோம் என்றது. டேபிளில் பார்த்தால் முதலாவதாக அதுதான் உட்கார்ந்திருக்கிறது. முதலாவதாக!

யா அல்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அந்த வரி ஃபைலுக்குரியது. ஃபைலின் தலையில் இருக்கும் பிள்ளையார் சுழிக்காக எழுதியது. அதைக் கொண்டுபோய் நான் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கிறேன். அப்படியானால் என் சோதனையில் எப்படித் தப்பியது? லேப்டாப்பில் என் சோதனை டேபிளைத் திறந்தேன். முதல் வரிசையில் 786. அத்தா பில்லின் தலையில் எழுதுவது, நான் பரீட்சைத் தாளில் எழுதியது, எதை ஆரம்பித்தாலும் கை தானாக எழுதுவது. ஆறு மாதமாக அந்தக் கோடு தின்றது என் 786-ஐ. அது காணாமல் போனதை யார் தேடப் போகிறார்கள்? அடுத்தவர் சுழியைப் பார்த்துச் சிரித்தேனே, எனக்கு வேண்டும்.

அந்த வரியைப் பொதுப்பகுதியிலிருந்து பிடுங்கி, ஃபைல் பேக்கெண்டுக்குள் வைத்தேன். அது இருந்திருக்க வேண்டிய இடம் அதுதான். இருபது நிமிடத்தில் லேப்டாப்பில் டேட்டாபேஸ் கச்சிதமாக ஓடியது. "அண்ணே, சரியாயிருச்சு, ஒரு தடவ மாட்டிப் பாப்போம்" என்று ஆபரேட்டரைக் கெஞ்சினேன். அதற்குள் சார் சுவரில் சாய்ந்தபடி முதலாளிக்குப் போன் போட்டு முடித்திருந்தார். போனை என்னிடம் நீட்டினார்.

"பழசையே போட்டுட்டு வாங்க. அந்தப் புதுசு மொத்தத்தையும் எடுத்துரு. நீ திங்கக்கிழமையில இருந்து அண்ணனுக்கு டெஸ்டிங் பாரு" என்றார் முதலாளி. சரியாகிவிட்டது என்று நான் சொல்லி முடிக்குமுன் வைத்துவிட்டார்.

"ஃபைலையே போட்டுட்டுப் போங்கம்மா. இனிமே ஏச்சுக் கேக்க என்னால ஆகாது" என்றார் ஆபரேட்டர். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் லேப்டாப்பைத் திறந்து, யார் எந்த வரியை மாற்றினார் என்று காட்டும் மாற்றக் குறிப்பைத் தேடி எடுத்தேன். தூக்கிப் போடும் அந்த வரி, பொதுப்பகுதியில் வைத்தது என்று என் பெயர். கீழே, படித்துச் சரிபார்த்தது என்று அவர் பெயர். அந்த வரிக்கு நேராகவே ஓகே. ஆரப்பாளையத்தில் இறங்கியதும் அவர் முன்னால் போய் நின்றேன். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போனார்கள்.

"அந்த வரியப் படிச்சுட்டுத்தானே ஓகே போட்டீங்க?"

"படிச்சுட்டுத்தான்."

"டேட்டாபேஸ்னா மொதல்ல இருக்கறத முழுங்கும்னு தெரியும்ல?"

"தெரியும்."

அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். "ஆறு மாச உழைப்பு. ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துரும் சார்?"

"இந்தா, இந்த சார்." அவர் முகம் சிவந்துவிட்டது. சிரிப்பெல்லாம் எங்கேயோ போயிருந்தது. "ஆபீஸ்ல அத்தன பேரு இருக்காய்ங்க. நீ ஒருத்திதான் என்னைய வெளியாளு மாதிரி நிப்பாட்டி வச்ச. ஒரே ஒரு தடவ அண்ணேன்னு கூப்பிட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

பொய் சொல்லவில்லை. சொல்லியிருப்பார், எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிரியாணி அவருக்கு ஞாபகம்கூட இல்லை என்பதும் தெரிந்தது. இப்போது கூப்பிட்டால்கூட முதலாளியிடம் பேசி அந்த ஆறு மாதத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிடுவார். கூப்பிடட்டும் என்றுதான் நகராமல் நின்றுகொண்டிருந்தார்.

லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். வாரேன் என்று சொல்லவில்லை.

"போறேன் சார்" என்றேன்.