தீப்பெட்டிகளால் கட்டிய ஊர்

அற்புதராணி ரீச்சர் தொண்ணூற்றைந்து மார்கழியில், சாவகச்சேரியில் அகதிகள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், காய்ச்சலில் காலமானார். கடைசிக் காலத்தில் அவர் படிப்பித்தது கணிதம். அதனால் பிந்தி வந்த பிள்ளைகள் அவரைக் கணித ரீச்சர் என்றே நினைத்திருக்கிறார்கள். அவர் வரலாறு படித்தவர், வரலாறு படிப்பிக்கவே வேலைக்கு வந்தவர். அது எப்படி அவர் கையை விட்டுப் போனதென்று சிலருக்குத்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் நாவாந்துறைக்கும் முஸ்லிம் மக்கள் வாழ்ந்த சோனகதெருவுக்கும் நடுவில் இருந்த அந்தச் சிறிய பாடசாலையில், மீன்பிடிக் குடும்பங்களின் கத்தோலிக்கப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வாங்கில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். பாடப்புத்தகத்தில் அநுராதபுரத்துக் குளங்கள் இருந்தன. பிள்ளைகள் நடந்து வந்த தெருவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தொண்ணூறாம் ஆண்டின் முதல் மாதங்களில், சண்டை ஓய்ந்து கொஞ்சம் மூச்சுவிட முடிந்த நேரத்தில், ரீச்சர் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கொண்டு அந்த ஊரையே செய்விக்கத் தொடங்கினார்.

பழைய கதவுப் பலகை ஒன்றைக் கிடத்தி, ஊறவைத்த பத்திரிகைக் கடதாசியையும் மரத்தூளையும் பசையில் குழைத்து நிலம் போட்டார்கள். கடலுக்கு, வேட்டி வெளுக்கிற நீலத்தைக் கரைத்துப் பூசினார்கள். வீடுகளுக்கு வெற்றுத் தீப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியையும் இழுத்தால் உள்ளே அந்த வீட்டுத் தொழில் இருக்கும்: வலைநூல், இரும்புக்கடை ஆணி, இறைச்சிக்கடை ஆட்டு மயிர். வகுப்பில் படிக்கிற ஒரு பிள்ளைக்கு ஒரு வீடு என்பது ரீச்சர் போட்ட சட்டம். பசை காய்ச்சியது றபீக்கா, சோனகதெருவில் ஐந்துசந்திப் பக்கத்துத் தையல்காரர் தாஹிரின் மகள். மயில்துத்தம் போடாவிட்டால் கரப்பான் ஊரையே தின்றுவிடும் என்று வீட்டிலிருந்து அதையும் கொண்டுவந்து போட்டாள். பசை கல்லாகக் காய்ந்தது.

ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. கோட்டைக்குள் இருந்த ஆமியோடு இயக்கப் போராளிகள் அடிபட்ட மாதங்களில் பாடசாலைக் கூரையின் பாதி போனது. வாங்குகளுக்குக் கீழே தள்ளிவைத்த பலகை தப்பிவிட்டது. ஐப்பசி முடிவில் ஒருநாள் காலை, முஸ்லிம் மக்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகவேண்டுமென்று, ஊரைத் தன் பிடியில் வைத்திருந்த இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. பின்னேரத்துக்குள் சோனகதெருவில் ஆள் இல்லை. ரீச்சர் விசயம் கேள்விப்பட்டுச் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது கோழிகள் மட்டும் தெருவில் நின்றன.

தை மாதம் வகுப்புத் தொடங்கியபோது, காலியான இடங்களில் தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மண்டைதீவு யசிந்தா. பலகையைப் பார்த்த நாள் முதல் தன் வீட்டையும் வைக்கவேண்டுமென்று நின்றாள். மண்டைதீவு தண்ணிக்கை கிடக்குது, வீட்டை வள்ளத்திலை ஏத்திக்கொண்டு வா என்று அதே வகுப்பு நாவாந்துறைப் பெடியன் பிலிப்பு பகிடி பண்ணினான். பொருளாதாரத் தடையில் தீப்பெட்டி பொன்னாக இருந்த காலம். எங்கேயோ தேடி ஒரு வெற்றுப் பெட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. கடலுக்குப் போகத் தடை, தகப்பனுக்குத் தொழில் இல்லை.

"இப்ப எங்கை இருக்கிறீங்கள்?" என்று ரீச்சர் கேட்டார்.

"ஐஞ்சுசந்திக்கு உள்ளுக்கை, பச்சைக் கதவு வீடு ரீச்சர். தையல் மேசை கிடக்குது, மெசின் இல்லை."

பலகையின் மேலே போன ரீச்சரின் விரல் நின்றுவிட்டது. அந்த இடத்தில் ஏற்கெனவே றபீக்காவின் பெட்டி இருந்தது.

அடுத்த மாதம் பாடசாலையில் கண்காட்சி. கல்விக் கந்தோரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. வேலையிலிருந்து இளைப்பாற ஒரு வருடமே இருந்த பாடசாலை அதிபர் கனகசபாபதி, பலகையை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, சோனகதெருப் பெட்டிகளைக் கழற்றச் சொன்னார்.

"ஏன் சேர்?"

"ஒரு பிள்ளைக்கு ஒரு வீடு எண்டது உங்கடை சட்டம்தானே ரீச்சர். இல்லாத பிள்ளையளுக்கு என்னத்துக்கு வீடு? வீண் கரைச்சல்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. இயக்கத்துக்குப் பயந்தவர். ரீச்சரும் பயந்தவர்தான். தாஹிர் வீட்டுப் பெட்டியை மட்டுமாவது விடலாமா என்று கேட்டுப் பார்த்தார். அந்த வீட்டில்தான் இப்போது வேறு பிள்ளை இருக்கிறாளே என்றார் அதிபர். இரண்டு இரவு அதையே யோசித்துக் களைத்துப்போய், மூன்றாம் நாள் பள்ளி விட்ட பிறகு ரீச்சரே சவரப் பிளேட்டும் ஈரத்துணியும் எடுத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் இருந்தார். றபீக்கா காய்ச்சிய பசை விடவில்லை. ஒவ்வொரு பெட்டியும் நிலத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்தது. முடிந்தபோது சோனகதெரு முழுவதும் குழிகள், அடியில் மரம் தெரிந்தது.

மறுநாள் யசிந்தா தாஹிர் வீட்டுப் பெட்டி இருந்த குழியைப் பார்த்தாள். அதற்குள் தன் பெட்டியை ஒட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ரீச்சர் வற்புறுத்தவில்லை. கண்காட்சி அன்று பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே பலகைக்குப் பக்கத்தில் நின்றாள்.

வந்தவர்களில் மூத்த அதிகாரி குனிந்து பார்த்தார். "நல்லாச் செய்திருக்கினம். உந்தக் குழியெல்லாம் ஷெல் விழுந்த இடங்களோ?"

யசிந்தா ரீச்சரைப் பார்த்தாள். அதிபர் ஓம், ஓம் என்றார்.

"இல்லைச் சேர்," என்றார் ரீச்சர். "அது வீடுகள். நாங்கள் கழட்டினது."

அதிபரின் முகம் வெளுத்தது. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. அதிகாரி தலையை ஆட்டினார். பக்கத்து மேசையில் ஒரு பெடியன் சைக்கிள் பெடலை மிதிக்க, டைனமோவில் றேடியோ பாடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். யாராவது கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று ரீச்சர் பின்னர் ஒருமுறை சொன்னார்.

பலகை அலுமாரிக்குப் பின்னால் போனது. அடுத்த தவணைப் பாட நேரசூசியில் ரீச்சரின் பெயருக்கு எதிரே கணிதம் என்று இருந்தது. அவர் காரணம் கேட்கவில்லை.

நேரசூசி ஒட்டிய அன்று, இடைவேளையில் யசிந்தா வந்தாள். றபீக்கா எந்த அறையில் படுப்பாள் என்று கேட்டாள். ரீச்சருக்குத் தெரியவில்லை. அந்தத் தெருவை முழுவதும் செய்தவர், அந்த வீட்டுக்குள் ஒருநாளும் போனதில்லை.

"அம்மா இன்னும் விறாந்தையிலைதான் படுக்கிறா ரீச்சர். உள்ளுக்கை றபீக்கா வீட்டாக்களின்ரையாம்."

ரீச்சர் குரலைத் தணித்தார். "என்னென்ன எங்கையெங்கை கிடந்ததெண்டு பாத்து வைச்சுக்கொள் பிள்ளை. அவை திரும்பி வந்து கேட்டால் சொல்லவேணும்."

"எழுதி வைக்கட்டோ?"

"வேண்டாம். மனதிலை வை."

யசிந்தா ஓம் என்றாள். மணி அடித்தது. ரீச்சர் கணிதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போனார்.