பொடிசு ஜெபம் செய்த வெள்ளிக்கிழமை

என் அக்கா மகளைப் பதினெட்டு வயதிலும் பொடிசு என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். ஆள் வளரவில்லை. அதற்கும் சேர்த்து வாய் வளர்ந்துவிட்டது.

பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் திறக்கும்வரை வீட்டில் சும்மா கிடக்கிற பிள்ளை என்று பேச்சு. அவள் ஒரு நாளும் சும்மா கிடந்ததில்லை. காலையில் ஜெராக்ஸ் கடை வேலை. விரல் நுனியெல்லாம் மை. மத்தியானம் வந்து, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்திலிருந்து அக்கா திரும்புவதற்குள் சமையலை முடித்துவைப்பாள். முடித்த லட்சணம், பாத்திரத்தின் அடியை நாம் சுரண்டும்போது தெரியும். சாயங்காலம் மொட்டைமாடியில் ஷட்டில். வலை கிடையாது, துணிக்கொடியில் ஒரு போர்வை. அது பெரும்பாலும் என் போர்வை. சனிக்கிழமை சபையில் கொயர் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை காலை சின்னப் பிள்ளைகளுக்கு பைபிள் கதை சொல்லப் போவாள். சிங்கமும் அவளே, சிங்கக் குகையில் கிடப்பவனும் அவளே. பிள்ளைகள் உருண்டு சிரிக்கும்.

கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருத்தி ஜவ்வு. அவள் ஒரு பேச்சை ஆரம்பித்தால் நமக்குப் பஸ் வந்துவிடும், பேச்சு முடியாது. நடக்கப் பழகிய காலத்திலிருந்து பொடிசும் அவளும் ஒரே தட்டு. இன்னொருவன் கம்பம். நெடுநெடுவென்று இருப்பான், சபையில் டிரம்ஸ் வாசிப்பான், தலைக்குள் பெரிதாக ஒன்றுமில்லை.

பொடிசின் உண்மையான பொழுதுபோக்கு ஷட்டில் இல்லை. மற்றவர்கள் ஜெபிக்கிற மாதிரி ஜெபித்துக் காட்டுவது.

எங்கள் சபையில் எல்லோரும் வாய்விட்டு ஜெபிப்பவர்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொருவர் வீட்டில் கூடுவோம். சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு ஜெபம். கண்ணை மூடிக்கொண்டே யார் ஜெபிக்கிறார் என்று சொல்லிவிடலாம். பாஸ்டரம்மா மூன்று வார்த்தைக்கு ஒரு 'ஆண்டவரே' போடுவார். ஆரம்பத்தில் பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கிற குரல், முடிவில் சர்க்கரையைத் திருப்பித் தராதவளைத் திட்டுகிற குரல். அத்தான், அதாவது பொடிசின் அப்பா, இருமுவதா ஸ்தோத்திரம் சொல்வதா என்று முடிவு செய்யாமலே இரண்டையும் சேர்த்துச் செய்வார். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள்போல் அவசரப்படுவேனாம். அதையும் என் எதிரிலேயே செய்து காட்டினாள். முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு உட்கார்ந்து சிரித்தேன்.

டெய்லரக்காவின் ஜெபம் வேறு. அவள் மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன், இருக்கிறானா இல்லையா என்றுகூடத் தகவல் கிடையாது. வெள்ளிக்கிழமை தவறாமல் அவனுக்காக ஜெபிப்பாள். 'என் மகன்' என்ற இடம் வரும்போது தொண்டையில் ஒரு விக்கல் வந்து அடைக்கும். காற்றில் தாழ்ப்பாள் இல்லாத கதவு அடித்துக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம். வேறு பிள்ளையாக இருந்தால் அந்த இடத்தில் தலையைக் குனிந்திருக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது, பிறகு குளியலறையில் பழகிப் பார்த்தது.

அந்தக் காதுக்கு ஏற்ற படிப்பாகவே இடமும் கிடைத்தது. பேச்சு வராதவர்களுக்குப் பேச்சு வரவைக்கிற படிப்பு. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போகவேண்டிய ஊர்.

"பேச்சுக்கெல்லாமா படிப்பு?" என்றார் அத்தான். அவர் கண்ணாடி வெட்டும் கடையில் வேலை பார்ப்பவர்; எந்த நாளும் ஏதாவது ஒரு விரலில் பிளாஸ்திரி இருக்கும். "உன் வாய அடைக்க ஒரு படிப்பு இருந்தா சொல்லு, கடன வாங்கியாவது சேத்துவிடுறேன்."

"அது முதுகலைலதான் வருமாம்ப்பா."

அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் பாதி சம்மதம். மீதிப் பாதிக்கு ஒரு நிபந்தனை வைத்தார். ஹாஸ்டல் பேச்சே எடுக்கக்கூடாது. பாஸ்டரம்மாவின் அக்கா அந்த ஊரில்தான் இருக்கிறார், மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால் போகலாம், இல்லையென்றால் ஜெராக்ஸ் கடையே கதி. பாஸ்டரம்மாவும், "நான் அக்காகிட்ட பேசிடுறேன், நம்ம பிள்ளைதானே" என்றார். பொடிசு அன்றைக்கே மாடியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஆடினாள். என் போர்வை.

அந்தச் சனிக்கிழமை கொயர் பயிற்சி முடிந்து மூன்று பேரும் மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஜவ்வு கேட்டிருக்கிறாள், இவள் ஒவ்வொருவராகச் செய்து காட்டியிருக்கிறாள். ஜவ்வு அதைப் போனில் பதிவு செய்து, அங்கேயே மற்ற இருவருக்கும் அனுப்பியிருக்கிறாள்.

சனிக்கிழமை சாயங்காலம் புதுப் பாட்டைப் பதிவு செய்து சபை குரூப்பில் போடவேண்டியது கம்பத்தின் வேலை. மறுநாள் எல்லோரும் சேர்ந்து பாடவேண்டுமே. கம்பம் போட்டான். பாட்டுக்குப் பதிலாக மற்றதைப் போட்டான்.

நாங்கள் பெண்கள் ஏழெட்டுப் பேர் சபை அடுப்படியில் மறுநாளைக்கான கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். பாஸ்டரம்மா போனை ஜன்னல் திட்டில் வைத்து, சத்தத்தைக் கூட்டினார்.

"எல்லாரும் கேளுங்கம்மா, பிள்ளைங்க பாட்டு அனுப்பிட்டாங்க."

"இந்த மாலை வேளையில, ஆண்டவரே, உம்முடைய சமூகத்துல, ஆண்டவரே..." என்றது போன்.

பாஸ்டரம்மாவின் முகம் மலர்ந்தது. "அட, இது நான் பண்ண ஜெபம்ல? எப்ப எடுத்தாங்க?" என்று நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். பாட்டுக்கு முன்னால் தன் ஜெபத்தைச் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்தார், பாவம். சர்க்கரைக்காரியைத் திட்டுகிற இடம் வந்ததும் போனுக்குள்ளிருந்து சிரிப்பு வெடித்தது. எங்களில் ஒருத்திக்கும் மூக்கு வழியாக வெளியே வந்துவிட்டது. யார் என்று நான் சொல்லப்போவதில்லை. பாஸ்டரம்மாவின் கை நெற்றியிலேயே நின்றது.

யாராவது நிறுத்தியிருக்கலாம். எல்லோர் கையிலும் சோப்பு நுரை.

"டெய்லரக்கா பண்ணுடி, டெய்லரக்கா பண்ணு." ஜவ்வின் குரல், சிரிப்பில் மூச்சு வாங்கிக்கொண்டு.

"என் மகன்..." என்றது போன். அப்புறம் அந்த விக்கல். சிரிப்பு. "இன்னொரு தடவ, இன்னொரு தடவ." மறுபடி விக்கல்.

டெய்லரக்கா என் பக்கத்தில்தான் நின்றாள். கையில் துண்டும் கப்பும். எப்போதோ காய்ந்துவிட்ட கப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதை அடுக்கில் வைத்தாள், செருப்பைப் போட்டாள், போய்விட்டாள்.

அன்றைக்கே பொடிசை அக்கா அடித்தாள். அத்தான் அடிக்கவில்லை, அவளிடம் பேசவும் இல்லை, அதுதான் மோசம். கம்பம் தன் அப்பாவோடு வந்து, "கை தப்பிப் பட்டுடுச்சு" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, அதையே நாலு வீட்டில் சொல்லித் தப்பித்தான். ஜவ்வின் அம்மாதான் கெட்டிக்காரி. மகளைக் கூட்டிக்கொண்டு நேராகப் பாஸ்டரம்மா வீட்டுக்குப் போனாள்.

"என் பொண்ணு டெய்லரக்காவுக்காக ஜெபம் பண்ணுடின்னுதான் சொல்லிருக்கா. பாதி வார்த்தைய அந்தப் போன் முழுங்கிடுச்சு. பக்கத்துல உக்காந்திருந்த பாவத்துக்கு என் பிள்ளைக்குக் கெட்ட பேரா?"

ஜவ்வு பக்கத்தில் நின்று அழுதாள். அழவும் தெரிந்த பிள்ளை. பாஸ்டரம்மா அவளை அணைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஜவ்வு எங்கள் மாடிப்படி ஏறவில்லை. பொடிசு போன் செய்தால் எடுக்கவும் இல்லை.

பாஸ்டரம்மா அக்காவிடம் ஒரு வழி சொல்லி அனுப்பினார். "வெள்ளிக்கிழமை உங்க வீட்டுல கூடுவோம். அவ எல்லார் முன்னாடியும் வாய் திறந்து ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டும். மனசார கேட்டா எனக்கு ஒரு கோவமும் இல்ல. எங்க அக்காகிட்ட பேசுறேன்."

மனசார என்பதை எந்தத் தராசில் நிறுப்பது என்று அவர் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பொடிசு என் அடுப்படிக்கு வந்தாள். முகம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"சித்தி, என்ன சொல்லட்டும்?"

"வாயில வர்றத சொல்லு."

"என் வாயில என்ன வரும்னு எனக்கே பயமா இருக்கு."

"வாய மூடிக்கிட்டு ஜெபம் பண்ண முடியாதுடி. டெய்லரக்காவப் போய்ப் பாத்தியா?"

பார்க்கவில்லை. டெய்லரக்காவிடம் மன்னிப்புக் கேள் என்று அவளுக்கு யாரும் சொல்லவும் இல்லை; என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வீடே பாஸ்டரம்மாவைச் சமாதானப்படுத்துகிற வேலையில் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கூடம் நிரம்பிவிட்டது. வழக்கமாக வராதவர்களும் வந்திருந்தார்கள். நாற்காலி போதாமல் தரையில் போர்வை விரித்தோம். டெய்லரக்கா கதவோரம் உட்கார்ந்தாள். பொடிசை நடுவில் முழங்கால் போடச் சொன்னார்கள். அடி வாங்கினால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஜெபம் அப்படி இல்லை. சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக அவளை ஆண்டவரிடம் காட்டிக்கொடுத்தார்கள்.

"பெரியவங்கள மதிக்கத் தெரியாத இந்தப் பிள்ளைய, ஆண்டவரே..."

"கண்டிப்பில்லாம வளத்த தாய் தகப்பனையும் மன்னியும், ஆண்டவரே..." இது ஜவ்வின் அம்மா. அக்காவின் கழுத்து வரைக்கும் சிவந்தது. கண்ணை மூடியிருக்கவேண்டிய நேரத்தில் நான் திறந்திருந்ததால் பார்த்தேன்.

பிறகு ஜவ்வு. "தகாத சிநேகத்துலேர்ந்து எங்கள விலக்கிக் காத்தருளும் பிதாவே." முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை இழுக்காமல் முடித்தாள்.

பொடிசின் தோள் ஒரு தடவை குலுங்கியது. பாஸ்டரம்மா, "இப்ப நீ பண்ணும்மா" என்றார்.

"ஆண்டவரே," என்று ஆரம்பித்தாள். "ஆண்டவரே, நான் செஞ்சது... டெய்லரக்காவோட..." தலை கதவுப் பக்கம் திரும்பியது. "அவங்க மகன்..."

விக்கல் வந்தது. அதே விக்கல். கதவு அடிக்கிற அதே சத்தம். நிறுத்தப் பார்த்தாள். வாயைக் கையால் பொத்தினாள். இன்னும் பலமாக வந்தது.

பின்னாலிருந்து கம்பம் 'க்ளுக்' என்றான். அவனைப் பார்த்து ஒரு சின்னப் பிள்ளை சிரித்தது. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக, அடக்கி அடக்கி. பெரியவர்கள் குனிந்துகொண்டார்கள், முதுகு மட்டும் ஆடியது.

பாஸ்டரம்மா கண்ணைத் திறந்தார். "இப்பவுமா?"

"இல்ல ஆன்ட்டி. இது நான்தான்."

"எது நீ?"

"நெசமா ஆன்ட்டி, நானேதான் அழறேன்." அதைச் சொல்லும்போதும் விக்கல். அவள் முகம் நனைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் நடிக்கிறாள் என்று எப்படிச் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் காதால் மட்டும் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பாஸ்டரம்மா கதவுப் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்கள மாதிரிதானே பண்றா?"

எல்லோரும் டெய்லரக்காவைப் பார்த்தோம். பொடிசும் முழங்காலிலேயே திரும்பி அவளைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரயில், மாடி அறை, படிப்பு எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

"என் அழுகை எப்படி இருக்கும்னு எனக்கெப்படிங்க தெரியும்?" என்றாள் டெய்லரக்கா. "போன சனிக்கிழமைதான் மொத தடவையா கேட்டேன்." கொஞ்ச நேரம் பொடிசையே பார்த்தாள். "அதேதான் இது."

அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். கூட்டத்தைப் பாஸ்டரம்மா ஒரு சின்ன ஜெபத்தோடு முடித்தார். அதில் ஒரு இடத்தில்கூட 'ஆண்டவரே' வரவில்லை.

மாடி அறை ஜவ்வுக்குப் போனது. அவளுக்கு அதே ஊரில் வேறு ஏதோ படிப்பு. ஹாஸ்டலில் விடலாம் என்று அக்கா இரண்டு நாள் கெஞ்சினாள். நானும் போய்க் கேட்டேன். "ஜெபத்துலயே நடிக்கிறவள நான் எந்த ஊருக்கு அனுப்ப?" என்றார் அத்தான். நடிக்கவில்லை என்று நான் சொன்னேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கண்ணால் பார்த்தேன் என்றேன். "நான் காதால கேட்டேன்" என்று கண்ணாடி வெட்டும் வைரத்தைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார். சேரவேண்டிய தேதி அப்படியே கடந்து போனது.

ஜெராக்ஸ் கடையில் இனி முழு நாள் வேலை. கடைக்காரர் சட்டை தைத்துக்கொள்ளச் சொல்லி சாம்பல் நிறத் துணி கொடுத்தார். எங்கள் தெருவில் தைப்பதற்கு இருப்பது ஒரே கடை. அக்கா போகமாட்டேன் என்றாள், அதனால் நான் பொடிசைக் கூட்டிக்கொண்டு போனேன்.

டெய்லரக்கா மிஷினை நிறுத்திவிட்டு டேப்பை எடுத்தாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வருவதை அவள் விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள், வாய் திறக்கமாட்டாள்.

"கையத் தூக்கு."

தூக்கினாள். டேப் மார்பைச் சுற்றி வந்தது.

"அக்கா, அன்னிக்கு நான் நெசமாவே..."

"பேசாத. மூச்சு விட்டா அளவு மாறும்."

பொடிசு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். தோள், கை, இடுப்பு எல்லாம் நிதானமாக எடுத்தாள் டெய்லரக்கா. எடுத்ததையே ஒரு தடவை மறுபடியும் எடுத்தாள். பிறகு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "புதன்கிழமை வந்து வாங்கிக்க" என்று மிஷினில் உட்கார்ந்தாள். மிஷின் ஓட ஆரம்பித்ததும் எந்தப் பேச்சும் கேட்காது. நாங்கள் வந்துவிட்டோம்.

வாசலிலேயே அக்கா நின்றிருந்தாள். "என்ன சொன்னா?"

"புதன்கிழமை வந்து வாங்கிக்கச் சொன்னாங்க," என்றாள் பொடிசு.