எட்டுக் கட்டம் என்றது கையேடு

நான்கு முறை. 2019 முதல் 2022 வரை, துனீசியத் தலைநகர் துனிஸின் ஏரிக்கரையில் உள்ள எங்கள் அழைப்பு மையம் ஆண்டுதோறும் குழுத் தலைவர்கள் பட்டியலை வெளியிட்டது. நான்கிலும் விதாத் ஸ்மாலியின் பெயர் இல்லை.

விதாத்துக்கு முப்பத்து நான்கு வயது. கணினிப் பிரிவில் ஒன்பது ஆண்டு அனுபவம். பிறந்தது தென்மேற்கே, கஃப்ஸா மாவட்டத்துச் சுரங்க ஊர் ஒன்றில். அந்தப் பக்கத்துத் தண்ணீர் பல்லைப் பழுப்பாக்கிவிடும். அங்கிருந்து வந்த மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். இவர் திறந்தே சிரிப்பார். நகர எல்லையில் நிற்கும் நெடுஞ்சாலைப் பலகைகளைத் தாண்டி, உள்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்றால் தலைநகரத்தில் ஒரு இளக்காரம் உண்டு. பக்கத்து மேசை ஹாத்தம் மீன் அடைத்த பொரித்த ரொட்டியான ஃப்ரிகாஸேயை மென்றபடி, பலகைக்கு அந்தாண்டைக்காரிக்கு இந்த ஹரிஸா மிளகாய் விழுதின் காரம் தாங்குமா என்று சீண்டுவான். எங்கள் ஊரில் இதைக் கைக்குழந்தைக்குக் கொடுப்போம் என்பார் விதாத்.

பதவி உயர்வு மதிப்பெண்ணைப் போடுவது ஒரு நிரல், வெளியே வாங்கியது. "மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது, பொண்ணே," என்பார் மேலாளர் ராவுஃப்; 'ஸீ' என்றால் ஐயா, எங்களுக்கு அவர் ஸீ ராவுஃப். எழுபது எடுத்தால் பதவி. விதாத்துக்கு எப்போதும் அறுபத்தொன்று.

2023 பிப்ரவரியில், அந்த நிரலைச் சம்பளப் பதிவோடு இணைக்கும் வேலை விதாத்திடமே வந்தது. ஐந்தாவது பட்டியலுக்கு ஒரு வாரம் இருந்தது. மூல நிரலை விற்றவர்கள் தரவில்லை. கையேடு மட்டும் தந்தார்கள். 'ஊழியர்' என்ற கிளாஸில் எட்டு ப்ராப்பர்ட்டிகள் என்றது கையேடு. கிளாஸ் என்பது வெற்றுப் படிவம். ப்ராப்பர்ட்டிகள் அதிலுள்ள கட்டங்கள். ஆளுக்கு ஒன்றாக நிரப்பினால் அது ஆப்ஜெக்ட். இணைப்பதற்கு முன் கட்டங்களைச் சரிபார்ப்பது அவர் வழக்கம். கையேட்டை நம்பாமல், ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் அந்த கிளாஸையே விசாரித்தார். உன்னிடம் என்னென்ன கட்டங்கள் என்று கேட்டால் அது மறைக்காமல் சொல்லும். அதற்குப் பெயர் ரிஃப்ளெக்ஷன்.

பதினொன்று என்றது.

கூடுதலாக இருந்த மூன்றும் 'பிரைவேட்' என்று குறிக்கப்பட்டவை: திருமணமானவரா, குழந்தை உண்டா, பிறந்த மாவட்டம். அப்படிக் குறித்தால் பிற நிரல்கள் வழக்கமான வழியில் தொட முடியாது, அவ்வளவுதான். எழுதியவர்கள் அதைப் பூட்டு என்று நினைத்துவிட்டார்கள்.

விதாத் தன் ஆப்ஜெக்டுக்கு ஒரு நகல் எடுத்தார். ரிஃப்ளெக்ஷன் வழியாகவே பிறந்த மாவட்டத்தை மட்டும் துனிஸ் என்று மாற்றி ஓட்டினார். எழுபத்தாறு வந்தது. அறுபத்தொன்றையும் எழுபத்தாறையும் அருகருகே அச்சடித்து, பதினோரு கட்டங்களின் பெயர்களோடு, காப்பி போடும் இயந்திரத்துக்கு மேலே ஒட்டினார். கீழே கையெழுத்தும் போட்டார்.

பத்து நிமிடத்தில் அங்கே கூட்டம். ஹாத்தம் இரண்டு முறை படித்தான். அன்று அவன் யாரையும் சீண்டவில்லை.

ஸீ ராவுஃப் விதாத்தை அறைக்குள் கூப்பிட்டார். நானும் இணைப்பு வேலையில் இருந்ததால் கூடப் போனேன்.

"அது பிரைவேட்னு போட்டிருக்கே. உன்ன யாரு பாக்கச் சொன்னா?"

"கிளாஸக் கேட்டேன், ஸீ ராவுஃப். அது சொல்லிடுச்சு. நீங்கதான் நாலு வருஷமா சொல்லல."

அந்த மூன்று கட்டங்களையும் தான் கேட்டு வாங்கவில்லை என்றார் மேலாளர். அப்படியானால் பழைய நான்கு பட்டியல்களையும் அவை இல்லாமல் மறுபடி கணக்கிடலாமே என்று விதாத் கேட்டார். ஸீ ராவுஃப் குரலைத் தணித்துக்கொண்டு வேறு வழிக்கு வந்தார்.

"இந்தத் தடவை உன் பேரு வருது. நான் பாத்துக்கறேன். அந்தக் காகிதத்த மட்டும் எடுத்துடு."

"என் பேரு மட்டுமா?"

"மத்தவங்களப் பத்தி உனக்கென்ன?"

"காஸரீன்லேருந்து ரெண்டு பேரு, கஃப்ஸாலேருந்து மூணு பேரு, புள்ள பெத்தவங்க ஏழு பேரு. எல்லாரையும் ஓட்டிப் பாத்துட்டேன். அந்தக் காகிதம் அங்கேயேதான் இருக்கும். நீங்க கிழிச்சா இன்னொண்ணு ஒட்டுவேன்."

அவர் கிழித்தார். விதாத் இன்னொன்று ஒட்டினார். மாலைக்குள் தற்காலிகப் பணிநீக்கக் கடிதம் வந்தது. வருவதாக இருந்த குழுத் தலைவர் பதவியும் போயிற்று, மேசையும் போயிற்று. வாசலில் ஹாத்தம் அவர் பையை வாங்கி டாக்ஸி வரை சுமந்தான். பன்னிரண்டு பேரின் கையெழுத்தோடு மனு தயார் என்று வழியில் சொன்னான். அதை மறுநாள் தொழிலாளர் ஆய்வாளரிடம் கொடுத்தார்கள்.

ஐந்தாவது பட்டியல் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. மார்ச் பதினான்கு, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வாளர் இரு தரப்பையும் அழைத்திருக்கிறார். நிரலை விற்றவர்கள் மூல நிரலைக் கொண்டுவர வேண்டும்.