தங்கச்சியை அனுப்பாத அண்ணன்

அண்ணன் எங்களைப் பிரிந்து ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள், சந்தை வியாபாரிகள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தெரிந்தவர்களுக்கே தெரிந்ததை எழுதுவது இப்படியான மலர்களின் வழக்கம். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஆனால் உங்களில் பலருக்குத் தவறாகத் தெரிந்த விடயம் ஒன்று இருக்கிறது. அதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

கந்தப்பளைக்கு மேலே உள்ள தோட்டத்தில், எங்கள் லய வீட்டு வரிசையின் கடைசிக் காம்பிராவில் அண்ணன் பிறந்தார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அம்மா கொழுந்து பறித்தார். அண்ணனுக்கு ஒன்பது வயதானபோது நான் பிறந்தேன். அப்பா நோயில் இறந்த வருடம் அண்ணன் சாதாரண தரப் பரீட்சை எழுதியிருந்தார். பெறுபேறு வந்த அன்று அவர் பாடசாலைக்குப் போகவில்லை. மரக்கறி லொறியில் சாக்குத் தூக்கிக்கொண்டிருந்தார். பெரியவளானதும் அதைப் பற்றி ஒருநாள் கேட்டேன். "பாஸ்தான். ஆனா யாருகிட்ட கொண்டுபோய்க் காட்டுறது?" என்று சிரித்தார்.

சாக்குத் தூக்கியவர் சில வருடங்களில் தோட்டத்து மக்களிடம் லீக்ஸும் கரட்டும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் வியாபாரியானார். லொறி மட்டும் வாடகைக்கு. வாங்குவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மேலே இருக்கும் கரட்டைப் பார்க்கவே மாட்டார். கட்டிய சாக்கை அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டு, அடியில் கிடப்பதை எடுத்து உடைத்துப் பார்ப்பார். பிறகு ஐந்து ரூபாய்க்கு அரைமணி நேரம் பேரம் பேசுவார். "ஒங்க அண்ணன்கிட்ட ஒரு மூட்ட வித்து முடிக்கிறதுக்குள்ள எனக்கு ரெண்டு டீ வேணும்" என்று சந்தியில் கடையும் பின்னால் கரட் பாத்தியும் வைத்திருக்கும் முஸ்லிம் நானா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். கஞ்சன் என்ற பேர் அண்ணனுக்கு அப்படித்தான் வந்தது. தோட்டத்தில் எந்த வீட்டில் சாவு என்றாலும் சமையலுக்கு மரக்கறி அவரிடமிருந்து போகும், அதற்கு அவர் காசு வாங்கியதில்லை என்பதையும் அதே ஆட்கள் அறிவார்கள். ஆனாலும் பேர் மாறவில்லை.

இனி என் படிப்பு விடயத்துக்கு வருகிறேன். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தேன். அரச பல்கலைக்கழகத்துக்கு அந்தப் புள்ளிகள் போதவில்லை. கூடப் படித்த ஒருத்தி கொழும்புப் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் விளம்பரத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். மருத்துவ ஆய்வுகூடப் பட்டப்படிப்பு, நான்கு வருடம். சித்தியடைந்திருந்தால் போதும், சேர்த்துக்கொள்வார்கள். கட்டணத்தைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன். பிறகு இரண்டு நாள் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்து அழுதேன். அம்மா அண்ணனிடம் சொன்னார்.

அண்ணன் ஒரு பழைய லொறி வாங்கப் பல வருடமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். என் நான்கு வருடக் கட்டணமும் அந்த லொறியின் விலையும் ஏறக்குறைய ஒன்று. சொந்த லொறி வந்தால் வாடகைக்குப் போகிற காசு கையில் நிற்கும், வியாபாரம் தலைநிமிரும். இரண்டையும் செய்ய வழியில்லை. அவர் விளம்பரத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எங்கள் தோட்டத்துக்கு அது போதுமாக இருந்தது. தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் இருக்கும் மாமா, அம்மாவின் தம்பி, அன்று மாலையே வந்து எனக்கு ஒரு கைப்பை வாங்கிக் கொடுத்தார். கோயிலில் என் பேரில் பூசை நடந்தது. இளைஞர் மன்றத்துப் பையன்கள் பாதை வளைவில் ஒரு பேனர் கட்டினார்கள். பாடசாலைச் சீருடையில் என் படம், கீழே "எமது டிவிசனிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் முதல் மாணவிக்கு வாழ்த்துகள்". நாங்கள் அதுவரை ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை, விண்ணப்பம்கூட நிரப்பவில்லை. போகிற வருகிற பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

அண்ணனும் நானும் கொழும்புக்குப் போனோம். வரவேற்பறையில் குளிரூட்டி, கண்ணாடிச் சுவர், பட்டம் வாங்கியவர்களின் படங்கள். ஒரு பெண் குளிர்பானம் கொடுத்து, சிங்களத்தில் நன்றாகவே விளக்கம் சொன்னார். அண்ணன் கேட்டுவிட்டு, படத்தில் இருப்பவர்களில் யாருடனாவது பேச முடியுமா என்று சிங்களத்திலேயே கேட்டார். அந்தப் பெண் சிரித்தார். தொலைபேசி இலக்கம் எதுவும் கிடைக்கவில்லை. என்னை ஒரு மாதிரி வகுப்பில் உட்காரவைத்துவிட்டு அண்ணன் வெளியே போனார். எதிரே இருந்த பேக்கரியில் இரண்டு மணி நேரம் நின்று, வந்து போன மாணவர்களிடம் விசாரித்தாராம். பதுளைப் பக்கத்துத் தமிழ்ப் பையன் ஒருவன் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். "படிப்பு நல்ல படிப்புதாண்ணே. கொறையே சொல்ல ஏலாது. ஆனா இந்தத் தாள்ல இல்லாத செலவு நெறய வரும். மூணாவது வருசத்துல நிப்பாட்டிட்டுப் போனவங்களும் இருக்காங்க" என்று அவன் சொன்னதை அண்ணன் எனக்கு அப்படியே சொன்னார்.

நான் வகுப்பில் இருந்தேன். ஒரு மணி நேரமும் ஆங்கிலம். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் அன்பாகத்தான் பேசினார்கள். விரிவுரையாளர் படம் காட்டி விளக்கிய பாடம் எனக்குத் தமிழில் நன்றாகத் தெரிந்த பாடம்தான். ஆனாலும் என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. இரண்டாம் வருடம் தவறினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பட்டமும் இருக்காது, லொறியும் இருக்காது.

திரும்பும் வழியில் பஸ்ஸைக் கித்துல்கலையில் தேநீருக்கு நிறுத்தினார்கள். அண்ணன் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு தன் தீர்ப்பைச் சொன்னார்.

"வெல கூடத்தான். ஆனா பொருள் மோசமில்ல. கட்டிருவோம்."

"அப்ப லொறி?"

"வாடக லொறி ஓடிக்கிட்டுத்தானே இருக்கு. பாத்துக்குவோம்."

"எனக்கு வேணாண்ணே" என்றேன்.

அவர் நம்பவில்லை. யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். நான் வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். ஆங்கிலம் படித்துக்கொள்ளலாம், முதல் நாள் யாருக்கும் அப்படித்தான் என்றார். அப்போதும் மாட்டேன் என்றேன். சாரதி ஹோர்ன் அடிக்கும் வரை அவர் என்னைச் சம்மதிக்கவைக்கப் பார்த்தார். வட்டவளை தாண்டும்போதுதான் எனக்குப் பேனர் ஞாபகம் வந்தது. தோட்டத்தில் என்ன சொல்வது, நான் இனி எப்படி வெளியே இறங்குவது என்று அழ ஆரம்பித்தேன்.

"நான்தான் வேணாம்னுட்டேன்னு நானே சொல்லிக்கிறேன்" என்றார் அண்ணன். "எனக்கு எப்பிடியும் கஞ்சன்னு பேரு இருக்கு. அதுல இதுவும் சேரட்டும். நீ வாயத் தொறக்காத."

நான் வாயைத் திறக்கவில்லை. இன்று வரை.

மறுநாள் கோயில் வாசலில் மாமா கேட்டபோது, "அவ்வளவு காச அங்க கொட்ட ஏலாது மாமா" என்று அண்ணன் பத்துப் பேர் முன்னால் சொன்னார். நான் அம்மாவின் பின்னால் நின்றேன். பையன்கள் பேனரைக் கழற்றினார்கள். மூன்று மாதம் கழித்து அண்ணன் லொறியை வாங்கியதும் பேச்சு முற்றிவிட்டது. தங்கச்சி படிப்பை விழுங்கிய லொறி என்றார்கள். மாமா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். அண்ணனின் கல்யாணத்துக்கும் வரவில்லை. தாய்மாமன் போட வேண்டிய மாலையை அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி போட்டார். மணவறையில் அண்ணன் இரண்டு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்தார். அதை நான் கண்டேன்.

நான் கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவாகி இன்று விஞ்ஞான ஆசிரியையாக இருக்கிறேன். நியமனம் கிடைத்த அன்று எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். "ஆறின கதையக் கிண்டாத. பிள்ளைகளுக்கு ஒழுங்காப் படிச்சுக் குடு" என்றார். அவர் மறுத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது அதுதான் அதிகம் குத்துகிறது.

அந்தப் பட்டம் அந்தக் காசுக்குத் தகுமா என்று பெற்றோர் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு உறுதியாகத் தெரியாது. எனக்குத் தாளைக் காட்டியவள் அங்கே படித்து முடித்து வெளிநாட்டில் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள், பெற்றோருக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டாள். அவளோடு சேர்ந்த இன்னொருத்தி மூன்றாம் வருடம் நிறுத்திவிட்டு ஹட்டனில் தொலைபேசிக் கடையில் நிற்கிறாள். நான் போயிருந்தால் இந்த இருவரில் யாராக இருந்திருப்பேன் என்று சொல்ல முடியவில்லை. போய்ப் பாருங்கள், படித்து முடித்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள், பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

அண்ணனுக்கு இருதய நோய் இருப்பது இரண்டு வருடத்துக்கு முன் தெரியவந்தது. தூக்கக்கூடாது என்று வைத்தியர் சொன்ன பிறகும் சாக்கில் கை வைப்பார். அண்ணி சண்டை பிடிப்பார். கடைசி ஒன்பது நாளும் வைத்தியசாலையில் இருந்தார். பேச முடிந்த நாட்களில் லீக்ஸ் விலை கேட்டார், தன் பிள்ளைகளின் தவணைப் பரீட்சை பற்றிக் கேட்டார். பத்தாம் நாள் காலை போய்விட்டார்.

சாவு வீட்டுக்கு மாமா கோடித் துணியோடு வந்தார். அண்ணன் மேல் போர்த்திவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து குழந்தையைப் போல அழுதார். "எல்லாத்துலயும் தங்கமான புள்ள. தங்கச்சி படிப்பு விசயம் ஒண்ணுதான்" என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் ஓர் எட்டு தூரத்தில் நின்றேன். அப்போதாவது பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

மாமா, உங்களிடம் தனியே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எல்லோருக்கும் முன்னால், அச்சில் சொல்கிறேன். அண்ணன் அனுப்பத் தயாராக இருந்தார். போகமாட்டேன் என்றது நான். பயத்தில் சொன்னேன். தியாகம் எதுவும் அதில் இல்லை. அண்ணிக்கு இது முன்பே தெரியும், அண்ணன் சொல்லியிருக்கிறார். இதை எழுதச் சொன்னதும் அண்ணிதான்.

அண்ணனின் நோயின்போது இரத்தம் கொடுத்தவர்களுக்கும், மாறிமாறி வைத்தியசாலையில் துணையிருந்த லொறிச் சாரதிகளுக்கும், சாவு நடந்த மூன்று நாளும் கடையை மூடிவிட்டு எங்கள் வீட்டு வேலை பார்த்த நானாவுக்கும், பந்தலும் பாடையும் பொறுப்பெடுத்த மரண உதவிச் சங்கத்தினருக்கும், இந்த நாளுக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கும் இதுவரை தெரியாது. முழுவதும் கேட்டார். என்னைத் திட்டவில்லை, அழவுமில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"இத நீ அன்னைக்கே சொல்லியிருந்தா, என் தம்பி ஒங்க அண்ணன் கல்யாணத்துக்கு மால போட வந்திருப்பான்ல?"

"வந்திருப்பாரும்மா" என்றேன்.

அன்புத் தங்கை