கடைசி மூட்டை இலுப்பைப் புண்ணாக்கு

ஆனைமலை அடிவாரத்தில் எங்கள் மலசர் பழங்குடிக் குடியிருப்புக்கு இலுப்பை எண்ணெய் எடுப்பவர் மாசாணம் அத்தை. ஆடியில் வௌவால்கள் பழத்தைச் சப்பிவிட்டு உதிர்க்கும் கொட்டைகளைப் பொறுக்கி, ஓடு உடைத்து, காயவைத்து, இடித்து, ஆவியில் வேகவைத்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே கல்லேற்றிப் பிழிவார். எல்லாம் ஓடையோரத்து இரண்டு மரங்களின் கொட்டைகள்.

கிருபாசங்கர் அங்கே விடுதி கட்டியபோது அந்த மரங்கள் அவருடைய வேலிக்குள் போய்விட்டன. வௌவால் எச்சம் விருந்தினர்களின் கார்மேல் விழுகிறது என்று போன தை மாதம் இரண்டையும் வெட்டினார். அத்தை ஓடிப்போய் அடிமரத்தைக் கட்டிக்கொண்டார். ஆட்கள் சிரித்தபடியே அவரைப் பிரித்தெடுத்தார்கள். அன்றிலிருந்து அந்த மனிதரின் பெயரை அத்தை சொன்னதே இல்லை.

சித்திரையில் கிருபாசங்கரே எங்களைத் தேடி வந்தார். விடுதிக் குளத்தில் மீன் வளர்க்கப் போகிறார். ஏற்கெனவே அதில் கிடக்கும் விரால்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும். எண்ணெய் பிழிந்த புண்ணாக்கைக் கரைத்தால் அந்த விரால்கள் செத்துப்போகும்.

"ஏம்மா, பழசையெல்லாம் மறந்திருப்பே. புண்ணாக்கு இருக்குதா?"

"இருக்குதுங்க. அந்த மரத்துதுதானுங்க, கடைசி மூட்டை."

"போட்டு எத்தன நாள்ல குஞ்சு உடலாம்?"

அத்தை முறத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை. "நாலு நாள் போதுமுங்க."

தண்ணீரில் அதன் விஷம் முறிய இருபது நாளாவது ஆகவேண்டும். குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் என்னைப் பார்த்தார். "காலேஜ் போன புள்ளை நீதானே? என்ன படிப்பு?"

"விலங்கியலுங்க."

"அப்ப நீ சொல்லு. நாலு நாள் சரியா?"

எங்கள் குடியிருப்பின் முதல் பட்டம் என்னுடையது. அதை மதித்து ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

"சரிதானுங்க" என்றேன்.

புண்ணாக்கைக் கரைத்த ஐந்தாம் நாள் காலை குஞ்சுகளைக் குளத்தில் விட்டார்கள். மதியத்துக்குள் தண்ணீரே தெரியாமல் வெள்ளையாக மிதந்தன. நாங்கள் இருவரும் வேலியருகே நின்று பார்த்தோம். அந்தக் குஞ்சுகள் யாருக்கு என்ன செய்தன? இதற்கா படித்தேன்? வருத்தம் வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கிருபாசங்கர் வேகமாக வந்தார். "நாலு நாளுன்னு சொன்னியேம்மா."

"சொன்னனுங்க." அத்தை சாவகாசமாகத் தலையாட்டினார். "இருபது ஆகோணும். இன்னும் பதினஞ்சு இருக்குதுங்க."

அவர் செல்பேசியை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உன் பேரைச் சொல்லு. ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கறேன்."

"ஹாரிகா" என்றேன். "பி.எஸ்சி.னும் சேத்தி எழுதுங்க."