இலங்கை மிளகு என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்

என் பெயரில் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கிய மிளகு எந்த நாட்டில் விளைந்தது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கேட்பது சுங்க அலுவலகம். பதில் சொல்ல வேண்டியவள் நான். சரக்கை இறக்கிய கம்பெனிக்கு உரிமையாளர் நான்தான்.

உரிமையாளர் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. விருதுநகரில் என் மாமனாருக்குப் பருப்பு, மல்லி, வத்தல் மொத்த வியாபாரம். என் கணவரும் அவரோடு கடையில் இருக்கிறார். எங்கள் மகள் பிறந்த வருடம், மிளகு இறக்குமதிக்குத் தனியாக ஒரு கம்பெனி ஆரம்பிக்கலாம் என்று பேச்சு வந்தது. புதுத் தொழிலை மருமகள் பேரில் ஆரம்பிப்பது எங்கள் ஊர் வியாபாரக் குடும்பங்களில் புதிதல்ல. ராசி என்பார்கள், கணக்குக்கும் தோது என்பார்கள். "பிள்ள பெறந்த நேரம், ஒம் பேர்லயே போட்ருவோம் தாயி" என்றார் மாமா. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஆடிட்டர் அனுப்பிய தாள்களில் கையெழுத்திட்டேன். படிக்காமல் போடவில்லை. எம்.காம். படித்தவள், ஒவ்வொரு வரியாகப் பார்த்துத்தான் போட்டேன். பயப்படும்படி அதில் எதுவும் இருக்கவில்லை.

மிளகு சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வியட்நாமில் மிளகு ஏராளமாக விளைகிறது, விலையும் மலிவு. அதை அப்படியே உள்ளே விட்டால் இடுக்கியிலும் குடகிலும் கீழ்ப்பழனி மலையிலும் கொடி வளர்ப்பவர்களின் மிளகை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் அரசு அதற்கு வரியை உயர்த்தி வைத்திருக்கிறது. இலங்கையில் விளைந்த மிளகுக்கு, இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி, வரி மிகவும் குறைவு. இந்த வித்தியாசத்தைப் பார்த்து வியட்நாம் மிளகைக் கொழும்பில் இறக்கி, சாக்கை மாற்றி, இலங்கையில் விளைந்தது என்று சான்றிதழ் வாங்கி இங்கே அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் அப்படி என்று சொல்ல முடியாது. நிஜமான இலங்கை மிளகும் வருகிறது. கடையில் வந்து இறங்கும்போது எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நான் செய்த காரியத்தைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டுச் சமையலறையைப் பற்றியும் தெரிய வேண்டும். கடைக்கு வரும் ஒவ்வொரு லோடிலும் சாம்பிள் எடுத்துச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வைப்பார்கள். புரோக்கர்கள் அதைக் கொண்டுபோய்க் காட்டி விலை முடிப்பார்கள். வியாபாரம் முடிந்த பின் பொட்டலங்கள் வீட்டுக்கு வந்துவிடும். சாம்பிளை விற்கக் கூடாது, வீணாக்கவும் கூடாது என்பது மாமாவின் சட்டம். எனவே துவரை எல்லாம் துவரை டப்பாவில், உளுந்து எல்லாம் உளுந்து டப்பாவில் போய்ச் சேரும். பர்மா துவரையும் ஆப்பிரிக்கத் துவரையும் நம்மூர்த் துவரையும் ஒரே குக்கரில் வேகும். பாதி குழைந்துவிடும், பாதி முழித்துக்கொண்டு நிற்கும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குத்தான் சமைக்கத் தெரியவில்லை என்று நினைத்து அழுதிருக்கிறேன். பொட்டலம் வந்தால் உடனே பிரித்து டப்பாவில் கொட்டுவது பிறகு என் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்த மிளகு லோடு வந்தபோது, துறைமுக வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் ஏஜெண்ட் இரண்டு பாக்கெட்டுகளைக் கணவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். மகளுக்குச் சளி. ரசம் வைக்க வேண்டும். பாக்கெட்டின் வாயில் அரக்கு வைத்திருந்தது. மற்றப் பொட்டலங்களைவிட நன்றாகக் கட்டியிருக்கிறார்களே என்றுதான் தோன்றியது. கத்தரிக்கோலால் வெட்டி இரண்டையும் டப்பாவில் கொட்டினேன். டப்பாவில் ஏற்கெனவே கீழ்ப்பழனி மலைத் தாண்டிக்குடி மிளகும் இடுக்கி மிளகும் பாதி அளவுக்கு இருந்தன. கரண்டியால் ஒரு கிண்டு கிண்டி மூடினேன்.

சில மாதங்கள் கழித்துச் சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அந்த லோடு இலங்கையில்தான் விளைந்தது என்பதற்கு என்னிடம் என்ன விவரம் இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். எடுத்து வைத்த சாம்பிள் இருந்தால் ஒப்படைக்கவும் சொல்லியிருந்தார்கள். கணவர் ஏஜெண்டுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணாச்சி, அதுக்குத்தான சீல் வச்சு ரெண்டு பாக்கெட் குடுத்தேன். பத்திரமா இருக்குல்ல?" என்றார் ஏஜெண்ட்.

கணவர் என்னைப் பார்த்தார். ஃபோனை வைத்துவிட்டு, "ஃபிரிட்ஜ் மேல வச்சனே, எங்க?" என்றார்.

"டப்பால கொட்டிட்டேங்க."

"எந்த டப்பால?"

"மிளகு டப்பாலதான்."

"சீல் வச்சிருந்துச்சுல்ல?"

"வெட்டித்தான் கொட்டுனேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "அப்ப அம்புட்டையும் ரசம் வச்சுக் குடிச்சாச்சா?"

"வெண்பொங்கல்லயும் போட்டோம்" என்றார் அத்தை, என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து.

"ஆபீசர் வந்தாகன்னா ஒரு டம்ளர் ரசம் ஊத்திக் குடுங்க. குடிச்சுப் பாத்து எந்த நாடுன்னு அவுகளே சொல்லட்டும்" என்ற மாமா, இலையை மடித்துக்கொண்டே, "விடு தாயி. நல்லதாப் போச்சு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திட்டு விழவில்லை என்ற நிம்மதி. பாத்திரம் கழுவும்போதுதான் அந்தக் கடைசி வார்த்தை உறுத்த ஆரம்பித்தது. மிளகு நிஜமாகவே இலங்கை மிளகு என்றால், ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்க அந்தப் பாக்கெட் எங்களுக்குச் சாட்சி. சாட்சி தொலைந்தது எப்படி நல்லதாகும்? ஒருவேளை என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லியிருப்பார். ஒன்றுமில்லாததை நான்தான் ஊதிப் பெரிதாக்குகிறேனோ? எனக்கு அந்தக் குணம் உண்டு. மகள் இரண்டு முறை தும்மினால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் நான்.

மறுநாள் காலையில் கணவர் கடைக்குக் கிளம்பும்போது கேட்டேன். "அந்த மிளகு வியட்நாமா?"

"கொழும்புல ஏத்துன சரக்கு."

"ஏத்துனது கொழும்பு. விளைஞ்சது எங்க?"

"சான்றிதழ்ல இலங்கைன்னு போட்ருக்கு. அதுக்கு மேல நான் என்னத்தக் கண்டேன்?"

"கேட்டீகளா?"

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "வியாபாரத்துல ஒருத்தர்ட்ட வாங்குறோம்னா, ஒன் சரக்கு திருட்டுச் சரக்கான்னு கேட்டுக்கிட்டா வாங்குவாக? மறுதடவ சரக்கே தர மாட்டாக."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது. மாமாவுக்கும் தெரியாமல் இருக்கலாம். விலை வழக்கத்தைவிட இறக்கமாக இருந்தது அவர்களுக்குத் தெரியும். ஏன் இறக்கம் என்று கேட்காமல் இருப்பதையும் அவர்கள் அறிந்தே செய்தார்கள். அப்படிக் கேட்காமல் இருப்பதைத் தப்பென்று இங்கே யாரும் சொல்வதில்லை. அது தொழில் பழக்கம்.

ஆனால் விதி வேறு மாதிரி இருக்கிறது. மகள் தூங்கும் மதிய நேரங்களில் அதைத் தேடிப் படித்தேன். சலுகை வரி கேட்கிற இறக்குமதியாளர், சரக்கு எங்கே எப்படி விளைந்தது என்ற விவரத்தைத் தானே வைத்திருக்க வேண்டுமாம். சான்றிதழ் இருக்கிறது என்பது மட்டும் போதாதாம். தெரியாது என்பது எங்கள் கடையில் ஒரு சமாதானமாக இருக்கலாம். விதியில் அதுவே குற்றத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதில் இறக்குமதியாளர் என்று சொல்லியிருக்கும் இடத்திலெல்லாம் என் பெயரைப் போட்டுப் படித்துப் பார்த்தேன்.

என் தொந்தரவு தாங்காமல் கணவர், சரக்கை விற்ற கொழும்புக்காரரிடம் தோட்டத்தின் விவரம் கேட்டார். பதிலாக ஒரு ஃபோட்டோ வந்தது. முருங்கை மாதிரி ஒரு மரம், அதைச் சுற்றி ஏறிய மிளகுக்கொடி, பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொடியைப் பார்த்து நாட்டைச் சொல்ல முடியுமா? அந்த ஆள் கேரளத்தில் நின்றாலும் அப்படித்தான் சிரிப்பார்.

"போதுமா?" என்றார் கணவர்.

"இத வச்சு என்னத்த எழுதுறது?"

"நீ எழுத வேண்டாம். ஆடிட்டர் எழுதித் தந்துட்டாரு. கையெழுத்து மட்டும் போடு."

ஆடிட்டர் எழுதியது இதுதான்: எனக்குத் தெரிந்த வரையிலும் நம்புகிற வரையிலும் மேற்படி சரக்கு இலங்கையில் விளைந்தது, சாம்பிள் கைவசம் இல்லை. இரண்டாவது பாதி சத்தியம். முதல் பாதியில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். எனக்குத் தெரிந்த வரை எவ்வளவு? ஒன்றுமே இல்லை. நம்புகிறேனா? காலையில் நம்புகிறேன். மதியத்துக்குள் மாறிவிடுகிறது.

அப்பா சொன்னால் தெளிவாகிவிடும் என்று நினைத்தேன். அப்பா சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மேனேஜர். சீனப் பட்டாசை விளையாட்டுச் சாமான் என்று பேர் போட்டுக் கண்டெய்னரில் கொண்டுவருகிறார்கள் என்று ஊரே கொதித்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சீசனில் ஆர்டர் குறைந்தது. ஆமத்தூர்ப் பக்கமிருந்து வேனில் வேலைக்கு வரும் பெண்களுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. அப்பா வீட்டுக்கு வந்து கத்துவார்: "பேர மாத்திக் கொண்டாந்து எறக்குதான். எறக்குறவன் நம்ம ஆளுதான். நாலு பேரு சோத்துல மண்ணப் போட்டுட்டு எப்படித்தான் தூங்குதானோ!" கலெக்டர் ஆபீஸ் முன்னால் நடந்த ஆர்ப்பாட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். வெயிலில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியைப் பார்க்க அப்பா வந்தபோது, மாமாவும் கணவரும் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பேத்தி அவர் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை உருவுவதும் அவர் திரும்ப வாங்கி வைப்பதுமாக இருந்தார்கள்.

"மாப்பிள்ள என்ன சொல்லுதாக?"

"போடச் சொல்லுதாக."

"அப்ப போட்ரு தாயி."

"அப்பா, அது வியட்நாம் மிளகா இருந்துச்சுன்னா?"

"இருந்தா அவுக பாத்துக்கிடுவாக. நீ ஏன் நடுவுல நிக்க?"

"நடுவுலயா? எம் பேருல்ல இருக்கு."

"பேருக்குத்தான ஒம் பேரு."

"பட்டாசுக்கு மட்டும் அந்தக் கத்துக் கத்துனீக?"

"அது வேற தாயி."

"எப்படிப்பா வேற?"

அப்பா பேத்தியின் கையிலிருந்து கண்ணாடியை வாங்கித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "மழ வர்ற மாதிரி இருக்கு, பஸ்ஸப் புடிக்கணும்" என்று எழுந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அட்டை பிடிக்கக் கூட்டிப்போனது மகளை. இப்போது அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது இன்னொரு வீட்டு மருமகள். அப்பா எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அடுத்த லோடு வந்து துறைமுகத்தில் நிற்கிறது. என் பதில் போகாமல் அதை விட மாட்டார்கள் என்கிறார் ஏஜெண்ட். மாமா இப்போது சிரிப்பதில்லை. கோபமும் இல்லை. "பயமா இருந்தா போட வேண்டாம்மா" என்கிறார். அப்படிச் சொல்வதுதான் எனக்கு அதிகக் கஷ்டமாக இருக்கிறது. கணவர் ஆடிட்டரின் தாளைச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் பேனாவோடு வைத்திருக்கிறார். விளக்கேற்றப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது. மகளைப் பள்ளியில் சேர்க்கும் வருடம் இது. நாளைக்கு ஒரு வழக்கு என்று வந்தால் தூத்துக்குடிக்கு அலையப்போவது நான்தான். அப்போது அவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றும் யோசிக்கிறேன். கையெழுத்துப் போடாமல் இந்தக் குடும்பத்தின் தொழில் நின்றுபோனால் அவள் எந்த வீட்டில் வளர்வாள் என்றும் யோசிக்கிறேன்.

எனக்கு மூன்றாவதாக ஒரு வழி தோன்றுகிறது. ஆடிட்டரின் தாளை விட்டுவிட்டு நானே எழுதுவது: இந்த மிளகு எங்கே விளைந்தது என்று எனக்குத் தெரியாது, விற்றவரிடம் கேட்டதற்கு ஒரு ஃபோட்டோ வந்தது, இணைத்திருக்கிறேன், சாம்பிளைத் தெரியாமல் சமையலுக்கு எடுத்துவிட்டேன், வரி பாக்கி என்று முடிவானால் கம்பெனி கட்டும். கடைசி வரியை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்பதே சந்தேகம். உரிமையாளர் நான்தானே என்றும் தோன்றுகிறது.

இதைப் படிக்கிறவர்களில் இறக்குமதித் தொழில் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். மருமகள் பேரில் கம்பெனி நடத்தும் வீட்டுப் பெண்களும் இருப்பீர்கள். தெரியாது என்று எழுதிக் கொடுத்தால் அதிகாரிகள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? வரியைக் கட்டிவிட்டு ஒதுங்க வழி உண்டா? அதற்கும் முன்னால், அப்படி ஒரு கடிதம் எழுதப்போகிறேன் என்பதை மாமாவிடமும் கணவரிடமும் எந்த வார்த்தைகளில் சொல்வது? உங்களில் யாராவது சொல்லிப் பார்த்திருந்தால், அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.